பட்டம் வாங்கியாச்சு, அப்புறம்?

வாசகர் கேள்வி – பதில்

வடசென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரி அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்தேன். டி.சி., கான்டக்ட், ப்ரொவிஷனல், மார்க் ஷீட் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் பிள்ளைகள் கைக்குப் போகும். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. ஆனாலும் மே, ஜூன் வந்தால் "மேடம், படிப்பு முடிஞ்சிடுச்சு, இப்ப என்ன பண்றது?" என்று யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களிலும் அதே கேள்விதான், ஆளுக்கொரு விதமாக.

கேள்வி: பி.இ., இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்) முடித்துப் பத்து மாதம் ஆகிறது. கேம்பஸிலேயே ஓ.எம்.ஆர். (ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் சாலை) பக்கம் ஒரு கம்பெனியில் செலக்ட் ஆனேன். ஜாயினிங் தேதியை மூன்று தடவை தள்ளிவிட்டார்கள். கடைசி மெயிலில் தேதியே இல்லை. அம்மா தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்துவிட்டார். அதனால் நவம்பரிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுகிறேன். பல்லாவரத்தில் ரயில் ஏறி பீச், அங்கிருந்து தாம்பரம், மறுபடி பீச். மாலை ஆறு மணிக்கு வீடு. அம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், பல்லாவரம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். டிபன் பாக்ஸை எங்கே உட்கார்ந்து திறக்கிறீர்கள் என்ற நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. பதினோரு மணிக்கு மேல் அந்த வண்டிகளில் கூட்டம் இருக்காது. சுண்டல் விற்பவரும் தூங்குகிறவர்களும்தான் இருப்பார்கள். அதற்கு நடுவில் அம்மா கட்டிக் கொடுத்த சாதத்தை, யாராவது தெரிந்தவர் ஏறிவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

உங்களைப் போல ஒரு பையனை எனக்குத் தெரியும். 2008 கடைசியில் அமெரிக்காவில் பெரிய வங்கிகள் சரிந்தன. அதன் அடி இங்கே 2009-ல் படிப்பு முடித்த பிள்ளைகள் மேல் விழுந்தது. எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த அந்தப் பையனுக்கும் ஆஃபர் லெட்டர் இருந்தது, தேதி இல்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் ஆபீஸுக்கு வந்து "மேடம், டிகிரி வந்துடுச்சா?" என்று கேட்பான். பட்டமளிப்பு விழா முடிந்து, பல்கலைக்கழகத்திலிருந்து கட்டு வந்து சேர மாதக்கணக்காகும் என்று முதல் தடவையே சொல்லிவிட்டேன். மூன்றாவது வாரம்தான் கவனித்தேன். அயர்ன் பண்ணிய சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அந்த ஃபைலில் ஒரு தாள்கூட இல்லை. அவன் டிகிரிக்காக வரவில்லை. போய் உட்கார ஓர் இடம் வேண்டுமென்று வந்தான்.

ஒரு ஸ்டூலைப் போட்டு, அரியர் எழுதுகிறவர்களின் ஹால் டிக்கெட்டுகளை ரிஜிஸ்டர் நம்பர் வரிசையில் அடுக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரம் தலை நிமிராமல் அடுக்கினான். போகும்போது சொன்னான், "வீட்ல நான் வேலைக்குப் போறதா நெனச்சிட்டிருக்காங்க மேடம்." இன்று ராத்திரியே அப்பாவிடம் சொல்லிவிடு என்றேன். அவன் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து அவன் அப்பாவே கல்லூரிக்கு வந்தார். துறைமுகத்தில் கலாசி வேலை பார்த்தவர். யாரோ சொல்லித் தெரிந்துகொண்டிருக்கிறார். நான் நினைத்ததுபோல் அவர் கோபப்படவில்லை. "வேலை இல்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கலாமேம்மா. எட்டு மாசமா புள்ள எந்த வெயில்ல உக்காந்திருந்தானோன்னு நெனச்சா தூக்கம் வரல" என்றார்.

அதனால் முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே. தெருவுக்கு இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம், அப்பாவுக்கு மட்டும். கம்பெனி அனுப்பிய மெயில்களைப் போனில் திறந்து தேதி வாரியாகக் காட்டுங்கள். தவறு உங்கள் பக்கம் இல்லை என்பதற்கு அதுவே போதும். அம்மாவை நினைத்தும் சொல்கிறேன். தினமும் விடியற்காலையில் எழுந்து, இல்லாத வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பாரத்தை அவர் தனியாகச் சுமக்கக் கூடாது.

அடுத்தது வேலை. ஆஃபர் லெட்டர் வேறு, வேலை வேறு. கம்பெனியின் ஹெச்.ஆருக்குப் பணிவாக ஒரே ஒரு மெயில் போடுங்கள்: எப்போது சேர்க்கிறீர்கள், எழுத்தில் சொல்லுங்கள் என்று. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கே வேறு இடங்களுக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். இ.சி.இ. படித்தவருக்கு ஓ.எம்.ஆர். மட்டும்தான் ஊர் என்று யார் சொன்னது? கிண்டி எஸ்டேட், அம்பத்தூர் எஸ்டேட், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எல்லாம் சர்க்யூட் தெரிந்தவர்களுக்கு வேலை உள்ள இடங்கள்தான். சம்பளம் கேம்பஸில் சொன்னதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் கையில் மல்ட்டிமீட்டர் இருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. முன் அனுபவம் இல்லாத பட்டதாரிகளுக்கு மத்திய அரசின் அப்ரென்டிஸ் பயிற்சி, ஒரு வருடம், மாதாமாதம் உதவித்தொகையோடு. தென் மாநிலங்களுக்கான அதன் அலுவலகம் நம் தரமணியிலேயே இருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். பொறியியல் மட்டுமில்லாமல் பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படித்தவர்களையும் இப்போது எடுக்கிறார்கள். முடித்தால் சான்றிதழ் தருவார்கள். ஒப்பந்தத்தை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். கிண்டியில் யு.பி.எஸ். ரிப்பேர் செய்யும் சின்ன இடத்தில் சேர்ந்தான். ஆஃபர் கொடுத்த கம்பெனி கடைசி வரை கூப்பிடவில்லை. டிகிரி வந்ததும் வாங்க வந்தபோது சாதாரண சட்டையில், நகத்தில் கரியோடு வந்தான். முகம் தெளிவாக இருந்தது.

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன், 81 சதவீதம். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. படிப்பு முடிந்ததும் அது நின்றுவிட்டது. எம்.எஸ்சி. படிக்க ஆசை. வீட்டில் பி.எட். போதும், அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிடலாம் என்கிறார்கள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். எதைச் சொல்லிக் கேட்பது?
— ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: ஆசையை மட்டும் சொன்னால் வீட்டில் காதில் வாங்க மாட்டார்கள்மா. கணக்காகச் சொல்லுங்கள், நீங்கள் கணிதம் படித்தவர்.

பி.எட். இரண்டு வருடம், எம்.எஸ்சி.யும் இரண்டு வருடம். பி.எஸ்சி.யோடு பி.எட். மட்டும் படித்தால் பட்டதாரி ஆசிரியர் வேலைக்குப் போகலாம், டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள் பாஸ் பண்ண வேண்டும். எம்.எஸ்சி.யும் சேர்ந்தால் மேல்நிலை வகுப்புக்கு முதுகலை ஆசிரியர் ஆகலாம். அதற்குமேல் கல்லூரி, ஆராய்ச்சி என்று கதவு திறந்தே இருக்கும். எம்.எஸ்சி. இப்போதே படித்துவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். பி.எட். பிறகும் படிக்கலாம். ஆனால் கணிதத்தை இரண்டு வருடம் விட்டுவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தால் கை வராது. எங்கள் கல்லூரியில் அப்படி வந்த பெண்கள் முதல் செமஸ்டரில் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

செலவு? அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. காமராஜர் சாலையில் மாநிலக் கல்லூரி இருக்கிறது. அதே சாலையில் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் உயர்கணித ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். சாதா கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே அப்பாவுக்குப் போக்குவரத்துச் செலவும் வராது. அந்த 1,000 ரூபாய்க்குப் பதிலாக மாலையில் தெருவில் நாலு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுங்கள். வியாசர்பாடியில் கணக்கு டீச்சருக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

அந்த நிறுவனம் யார் பேரில் இருக்கிறதோ அந்தக் கணித மேதை ராமானுஜன் 1912-ல் நம் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கராக இருந்தார். மறு வருடம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்து, கணிதத்தை மட்டும் பார் என்றது. அவருக்கு அப்போது பட்டம்கூடக் கிடையாது. உங்களிடம் பட்டம் இருக்கிறது, 81 சதவீதமும் இருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்லுங்கள், ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. அப்பாக்கள் வண்டி ஓட்டும்போது நன்றாகக் காது கொடுப்பார்கள்.

மாப்பிள்ளை விஷயத்தில் ஒன்றுதான். பெண் பார்க்க வருகிறவர்களிடம் 'அடுத்த வருஷம் படிக்க வைக்கிறோம்' என்று வாய் வார்த்தையாக வாங்கிக்கொண்டு சம்மதிக்காதீர்கள். டி.சி.யை வாங்கிக்கொண்டு போய், அட்மிஷன் போடாமலே நின்றுவிட்ட பெண்களின் பெயர்கள் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

கேள்வி: வில்லிவாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்தால்தான் சேர்ப்பார்களாம். இரண்டு வருடம் வேலையை விட்டுப் போக மாட்டேன் என்று பாண்டும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— பி.காம். பட்டதாரி, கொளத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். பார்க்கக் கேட்டால் எதிரில் உட்கார்ந்து காட்டுங்கள், பார்த்து முடித்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸில் நீங்களே கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஒரிஜினல் உங்கள் சொத்து. அதை மாதக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டு ஓர் ஆளை வேலையில் நிறுத்துவது முறையில்லை. வேறு வேலை கிடைத்தபோது சர்டிஃபிகேட் வெளியே வராமல், டூப்ளிகேட் கிடைக்குமா என்று அழுதுகொண்டு என்னிடம் வந்த பிள்ளைகள் நிறையப் பேர். டூப்ளிகேட் என்பது தொலைந்துபோன சான்றிதழுக்குத்தான். காவல் துறையில் காணாமல்போனதாகப் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் பீரோவில் பத்திரமாக இருப்பதைத் தொலைந்துபோனதாக எப்படி எழுதிக் கொடுப்பது?

ஏற்கெனவே கொடுத்துவிட்ட வேறு யாராவது இதைப் படித்தால், என்னென்ன கொடுத்தோம் என்று பட்டியல் போட்டு, கம்பெனி முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். பாண்டில் தொகை எழுதியிருந்தால், எந்தப் பயிற்சிக்காக அந்தச் செலவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். பணம் கட்டினால் வேலை, பேக்டோர் வேலை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். என் தங்கை மகன் ஒன்றரை லட்சம் கட்டினான். இரண்டு மாதம் ஒரு வாடகை ஆபீஸில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது மாதம் பூட்டு தொங்கியது. தங்கையின் வளையல் போனது போனதுதான்.

கேள்வி: மகன் பி.ஏ. வரலாறு முடித்து இரண்டு வருடமாக டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறான். காலையில் போனால் ராத்திரிதான் வருகிறான். இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?
— ஒரு தகப்பன், பெரம்பூர்

பதில்: ஐயா, பையன் எங்கே போகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 2010-ல் திறந்த அந்த நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் காலையிலேயே இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெரம்பூரிலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து பறக்கும் ரயில் என்று போய் வருகிற பையன் சோம்பேறியாக இருக்க மாட்டான்.

ஆனால் நீங்கள் கேட்பது நியாயம். நாளைக் கேட்காதீர்கள், மார்க்கைக் கேளுங்கள். குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மார்க். அதில் தமிழ் மட்டும் 100 கேள்வி, 150 மார்க். தமிழில் 60 வரவில்லை என்றால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மாதிரித் தேர்வுகளில் தமிழில் எவ்வளவு, பொது அறிவில் எவ்வளவு, கணக்கில் எவ்வளவு என்று போன ஆறு மாதத்து மார்க்கை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஏறிக்கொண்டே போனால் இன்னொரு தேர்வு வரை விடுங்கள். ஒரே இடத்தில் நின்றால் படிக்கும் முறையை மாற்ற வேண்டும், அல்லது அரை நாள் வேலையோடு படிக்க வேண்டும். குரூப் 2-க்கு முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம் இருப்பதால் அதை மட்டும் நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட முடியாது. எந்தத் தேர்வு வரைக்கும் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். இதை அவன் சாப்பிட உட்காரும்போது கேட்காதீர்கள்.

கேள்வி: பி.டெக். முடித்து வேலையில் சேர்ந்துவிட்டேன், கைக்கு 24,000 வருகிறது. கல்விக்கடன் வட்டியோடு மூன்றரை லட்சம் நிற்கிறது, வட்டி பத்தரை சதவீதம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துக் கட்டினால் போதும் என்கிறார்களே?
— ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: போதும்தான், ஆனால் அந்த ஒரு வருடமும் வட்டி தூங்காதும்மா. உங்கள் கடனுக்கு வட்டி மட்டும் மாதம் சுமார் 3,060 ரூபாய். இப்போதிருந்தே அதையாவது கட்டிவிட்டால் அசல் மேலே ஏறாது. தவணையைப் பத்து வருடமாகப் போட்டால் மாதம் சுமார் 4,720. ஏழு வருடமாகப் போட்டால் சுமார் 5,900. கூட்டிப் பார்த்தால் பத்து வருடக் கணக்கில் 70,000 ரூபாய்க்கு மேல் அதிகம் கட்டுவீர்கள். 24,000 சம்பளத்தில் 5,900 கஷ்டம் என்றால் பத்து வருடமே போடுங்கள், போனஸ் வரும்போது அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள். கடனில் அப்பாவும் கூட்டுக் கையெழுத்து, நீங்கள் தவறினால் அவர் பெயரும் கெடும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்திருந்தால் மத்திய அரசின் வட்டி மானியம் உங்கள் கணக்கில் வந்ததா என்று வங்கியில் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

பி.எஃப். பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி மாறும்போது அதை எடுக்காதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். நம்பர் ஆயுசுக்கும் ஒன்றுதான்.

கேள்வி: கல்லூரி முடித்து 11 வருடம் ஆகிறது. இப்போது கால் டாக்சி ஓட்டுகிறேன். எல்லாப் பேப்பரும் பாஸ். ஆனால் கடைசி வருடம் ஃபீஸ் பாக்கி 4,200 இருந்ததால் டிகிரி வாங்கப் போகவில்லை. அப்புறம் வெட்கமாகிவிட்டது. இப்போது ஒரு வேலைக்கு டிகிரி கேட்கிறார்கள். அது இன்னும் இருக்குமா?
— பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

பதில்: இருக்கும் தம்பி. எங்கள் ஆபீஸில் ஒரு பச்சை இரும்பு பீரோ உண்டு. கீழ்த்தட்டு முழுக்க யாரும் வாங்காத டிகிரிகள், வருட வாரியாகப் பிரவுன் கவரில், நூலால் கட்டி வைத்திருப்போம். அந்துப் பூச்சிக்காக வருடம் ஒருமுறை நாஃப்தலின் உருண்டை மாற்றுவேன். ஒவ்வொரு தடவையும் மேலே உள்ள பெயர்களைப் படிப்பேன். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள்தான் அதில் அதிகம். நான் இருந்த வரையில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. மற்றக் கல்லூரிகளிலும் இப்படித்தான் வைத்திருப்பார்கள்.

பாக்கியைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், 1,150 ரூபாய் பாக்கி என்று ஒரு பையனை கவுன்டரிலேயே திருப்பி அனுப்பினேன். விதி அப்படி, நானும் சின்னப் பெண். "கட்டிட்டு வாப்பா" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன். அவன் திரும்ப வரவேயில்லை. நான் ஓய்வு பெற்ற அன்றும் அவன் கவர் அந்தத் தட்டில் இருந்தது. அதன்பிறகு பாக்கி உள்ள பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு, முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வேன். சிலருக்குப் பாக்கியைத் தள்ளுபடிகூடச் செய்திருக்கிறார்கள், சிலர் இரண்டு மாதத்தில் கட்டினார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் முதல்வருக்கு எழுதி, பாக்கியைக் கட்டத் தயார் என்று சொல்லுங்கள். கட்டினால் ரசீது வாங்குங்கள். பழைய ஹால் டிக்கெட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ரிஜிஸ்டர் நம்பரும் ஆதாரும் போதும், அதை வைத்துத் தேடிவிடுவார்கள். அட்மிஷன் நேரத்தில் போகாதீர்கள், யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. வேலை நாளில் பதினோரு மணிக்கு மேல் போங்கள். டிகிரி ரிஜிஸ்டரில் உங்கள் பெயருக்கு நேரே கையெழுத்துக் கட்டத்தை இன்னும் காலியாகத்தான் விட்டு வைத்திருப்பார்கள்.